வனத்து அந்தோணியார்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜனவரி 17ஆம் நாள் காலையில், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டிற்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் ஒரு தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மகனோடு இவ்வூருக்கு வந்து சேர்ந்தவர் அவர். பொங்கல் கழிந்து இரண்டு நாளாயிற்றே, இது என்ன விசேஷம் என்று கேட்டேன். "அந்தோணியார் பொங்கல், ஐயா" என்றார். படித்தவன் என்ற செருக்கு யாரை விட்டது! அந்தோணியார் திருநாள் ஜூன் 13ஆம் நாள் அன்றோ என்று திருத்தம் சொல்லத் தலைப்பட்டேன். அம்மையார் சினக்கவில்லை. "அவர் வேறே, ஐயா. இவர் வனத்து அந்தோணியார். மாடு கன்றுக்குக் காவல்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கும்போது தமக்குத்தாமே பேசிக்கொள்வது போல, "இங்கேதான் மாடும் இல்லை, காடும் இல்லை. அவருக்கு இங்கே என்ன வேலை இருக்கப்போகிறது!" என்றார்.

அன்று மாலை நூலகத்தை நாடினேன். தவறு என்னுடையதே. உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் தமிழ் மக்கள் திரண்டு வணங்கும் அந்தோணியார், பதுவை நகரத்து அந்தோணியார் ஆவார். லிஸ்பன் நகரில் பிறந்து, 1231ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் மறைந்தவர். அவரை அடக்கம் செய்த கிழமை செவ்வாய். ஆகவே செவ்வாய்தோறும் அவருக்கு நவநாள். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் பெர்னாந்து. 1220ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தபோது அவர் தங்கியிருந்த சிறு மடம், அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் முற்பட்ட ஓர் எகிப்தியத் துறவியின் பெயரால் அமைந்திருந்தது. அப்பெயரையே அவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். ஆக, உலகறிந்த அந்தோணியாரே பெயரைக் கடன் பெற்றவர்தாம். கடன் கொடுத்தவரே எதிர்வீட்டு அம்மையாரின் வனத்து அந்தோணியார்.

அவருடைய வரலாறு எகிப்து நாட்டில், நைல் நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தொடங்குகிறது. கி. பி. 251ஆம் ஆண்டை ஒட்டி, நிலபுலம் படைத்த வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார். பதினெட்டு, இருபது வயதில் பெற்றோரை இழந்தார். ஒரு தங்கை மட்டும் உடனிருந்தாள். ஒருநாள் கோயிலில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்செல் என்னும் பொருள்பட்ட நற்செய்தி வாசகம் அவர் செவியில் விழுந்தது. அதைத் தமக்கென்றே சொல்லியதாகக் கொண்டு, குடும்பச் சொத்தாகிய 300 அரூரா நிலத்தை ஊராருக்கு அளித்துவிட்டார். நம் கணக்கில் அது ஏறக்குறைய 200 ஏக்கர் நன்செய். தங்கையை நோன்பு காக்கும் கன்னியர் கூட்டத்திடம் ஒப்படைத்தார். முதலில் ஊர்ப்புறத்திலும், பின்னர் பழைய கல்லறைகளிலும், அதன்பின் ஆளரவமற்ற பாழ்ங்கோட்டை ஒன்றில் 20 ஆண்டுகளும் தனித்திருந்தார். அவர் வெளியே வந்தபோது, அவரைப் போல வாழ விரும்பியவர்கள் அம்மலைப்பக்கமெங்கும் குடிசை போட்டுக்கொண்டு காத்திருந்தனர். கூட்டத்தை விட்டு ஓடியவருக்குப் பின்னால் கூட்டம் வந்து சேர்ந்தது. மீண்டும் ஓடினார், செங்கடலை நோக்கிய உள்மலையில் ஒரு நீர்ச்சுனையும் சில பேரீச்ச மரங்களும் கண்டு அங்கே நிலைத்தார். கூடை முடைந்தார்; பிறருக்குப் பாரமாகாதபடி தாமே கொத்திக் கோதுமை விதைத்தார்.

அவ்விடத்தில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தண்ணீருக்கு வந்த காட்டு விலங்குகள் அவர் விதைத்ததை மிதித்து அழித்தன. அவர் கல்லெடுத்து எறியவில்லை. ஒரு விலங்கை மெல்லப் பற்றி, நான் உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே, நீங்கள் எனக்கு ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டு, இனி இப்பக்கம் வராதீர்கள் என்று ஆண்டவர் பெயரால் சொல்லி அனுப்பினார். அவை பிறகு வரவில்லை. வெள்ளாமையில் மாடு விழுந்த அனுபவமுள்ள எந்தக் குடியானவரும் இந்தத் துறவியின் நிலைமையை உடனே விளங்கிக்கொள்வார்.

356ஆம் ஆண்டில், 105ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். மரணம் அணுகியபோது அவர் விட்டுச் சென்ற கட்டளை கருதத்தக்கது. அக்காலத்து எகிப்தியரிடம், தூயோரின் உடலைத் துணியாற் சுற்றி, புதைக்காமல் வீட்டிலேயே கட்டிலில் வைத்துப் போற்றும் வழக்கம் இருந்தது. தம் உடலுக்கு அக்கதி நேரலாகாது என்று அஞ்சினார். தமக்குத் தொண்டு செய்த சீடர் இருவரை அழைத்து, தம்மை மண்ணிற் புதைத்து, இடத்தை எவருக்கும் சொல்லாதிருக்குமாறு பணித்தார். ஆட்டுத்தோல் ஒன்று அத்தனாசியார் என்னும் ஆயருக்கு, மற்றொன்று செராப்பியோன் என்னும் ஆயருக்கு, மயிராடை அச்சீடர்களுக்கு. உயில் இவ்வளவே.

துறவியின் சமாதி கோயிலாவது நம் நாட்டில் புதுமையன்று. அடங்கிய இடத்தில் விளக்கேற்றுவதும் ஆண்டுதோறும் குருபூசை நிகழ்த்துவதும் நாம் கண்டு வளர்ந்தவை. அந்தோணியார் அதைத் தடுக்க முயன்றார். சீடர்கள் சொல்லைக் காத்தனர். ஆயினும் 561ஆம் ஆண்டில் அவருடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன என்ற செய்தி பரவிற்று. அவை முதலில் அலெக்சாந்திரியாவுக்கும், பின்னர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும், அதன்பின் பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டிற்கும் கொண்டுசெல்லப்பட்டன என்பது மரபு. எவருக்கும் தெரியாத கல்லறையை நாடியவர் இவ்வளவு நீண்ட பிரயாணம் செய்ய நேர்ந்தது.

உடல் மறைந்திருந்த அந்த 200 ஆண்டுகளில் அவர் புகழைப் பரப்பியது ஒரு நூல். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அத்தனாசியார் கிரேக்க மொழியில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 374ஆம் ஆண்டிற்கு முன்னரே அந்தியோக்கியா நகரத்து எவாக்ரியுஸ் அதை இலத்தீனில் மொழிபெயர்த்தார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் மறைந்துபோகும், ஆகவே கருத்தைப் பெயர்த்தேன் என்று அவர் முன்னுரையில் விளக்கம் அளித்திருக்கிறார். சுற்றறிக்கைகளோடு மன்றாடுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு அவர்பால் தனிப்பட்ட மரியாதை உண்டு. என் மேலதிகாரிகள் அந்த முன்னுரையைப் படித்திருந்தால் எவ்வளவோ நலம்.

அம்மொழிபெயர்ப்பு என்ன செய்தது என்பதை அகுஸ்தீனார் தம் ஒப்புதல் நூலில் எழுதியுள்ளார். பேரரசின் வடமேற்கில் உள்ள திரியர் நகரில், மன்னர் சர்க்கஸ் காட்சியில் அமர்ந்திருந்த ஒரு பிற்பகலில், அரசாங்க அலுவலர் இருவர் உலாவப் போயினர். ஒரு குடிசையில் இந்நூல் கிடந்தது. ஒருவர் எடுத்துப் படித்தார். படித்து முடிப்பதற்குள் உத்தியோகத்தைத் துறப்பதென்று முடிவு செய்துவிட்டார். மற்றவரும் உடன்பட்டார். இக்கதையைக் கேட்டதே 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீனாரின் மனமாற்றத்திற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. நானும் அந்நூலை ஆங்கிலத்தில் இருமுறை படித்தேன். மாதச் சம்பளத்தைக் கைவிடும் துணிவு எனக்கு வரவில்லை என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்!

தனிமையை நாடிப் போனவர்களை மக்கள் ஏன் இப்படித் தொடர்ந்து சென்றார்கள்? 1971ஆம் ஆண்டில் பீட்டர் பிரௌன் என்னும் வரலாற்றறிஞர், உரோமப் பேரரசின் பிற்காலத்துத் துறவியரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இக்கேள்விக்கு விடை தேடினார். ஊருக்கு உறவினரல்லாதவர், நிலமில்லாதவர், பெண்ணெடுத்துப் பெண் கொடுக்க வேண்டாதவர், எவரிடமும் கடன்படாதவர் ஒருவர் இருந்தால், வழக்குத் தீர்க்க அவரைவிட ஏற்றவர் யார்? வரிவசூல் அதிகாரியிடமும் நிலக்கிழாரிடமும் ஏழைக்காகப் பேசக்கூடியவர் அவரே. பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவருக்கு உறவுக்காரர் மிகுதியாக இருந்தால் தீர்ப்பு எப்படி வளையும் என்பதை ஊரில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். விலகி நின்ற காரணத்தாலேயே துறவி நடுவுக்கு வந்தார்.

இதற்குச் சிறந்த உதாரணம் சிரியா நாட்டுச் சிமியோன். கூட்டத்திற்கு அஞ்சி அவர் ஒரு தூணின்மேல் ஏறினார். தூணைப் படிப்படியாக உயர்த்திக் கடைசியில் 36 முழமாக்கினார். உயர உயரக் கூட்டம் பெருகிற்று. பாரசீகரும் அரேபியரும் அருமேனியரும் ஸ்பெயின், பிரித்தானிய நாட்டவரும் வந்ததாக, அவரை நேரிற் கண்ட தியோடரட் என்னும் ஆயர் எழுதுகிறார். உரோமாபுரியில் தொழிற்கூடங்களின் வாயில்தோறும் காவலுக்காகச் சிமியோனின் சிறு உருவங்களை வைத்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டதாக அவர் குறிக்கிறார். இது எழுதப்பட்டது 444ஆம் ஆண்டை ஒட்டி. சிமியோன் அப்போது தூணின்மேல் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். சிவாஜி நகரில் கடைக் கல்லாவுக்கு மேல் தொங்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உரோமாபுரித் தொழிலாளிகளின் நினைவு வருகிறது. அவர் நின்ற குன்றின் மண்ணைப் பிசைந்து, அவர் உருவம் பதித்த சிறு வில்லைகளாக்கி, வந்தவர்கள் ஊருக்கு எடுத்துச் சென்றனர். 459இல் அவர் மறைந்ததும் படைவீரர் காவலோடு உடலை அந்தியோக்கியா நகருக்குக் கொண்டுசென்றனர். மன்னர் லியோ அதைத் தலைநகருக்குக் கேட்டார். சிறிது காலத்திற்கு முன்புதான் நிலநடுக்கத்தால் எங்கள் மதில் இடிந்தது, இவரே எங்களுக்கு மதில் என்று நகரத்தார் மறுத்துவிட்டனர்.

அந்தோணியார் எவ்வாறு மாடுகளுக்குக் காவலரானார் என்பதற்கு இனி வருவோம். இது எகிப்தில் நிகழ்ந்ததன்று. பிரான்சு நாட்டின் தென்கிழக்கில், அவர் எலும்புகள் என்று கருதப்பட்டவை வந்து சேர்ந்த சிற்றூரில், 1095ஆம் ஆண்டை ஒட்டி அவர் பெயரால் ஒரு மருத்துவத் தொண்டர் சபை தோன்றிற்று. அக்காலத்தில் ஐரோப்பிய ஏழைகளை ஒரு கொடிய நோய் வாட்டியது. கைகால்கள் நெருப்பிலிட்டாற்போல் எரிந்து, கருகி, கழன்றே விழும். ரை என்னும் தானியக் கதிரில் பற்றும் ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சே அதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. நம் கம்புப் பயிரில் தேனொழுகல் நோய் என்று சொல்கிறோமே, அதற்கு உறவான பூஞ்சணம் அது. நோயாளிகள் அந்தோணியாரின் கல்லறையை நாடி வந்தனர்; 'அந்தோணியார் நெருப்பு' என்றே அந்நோய்க்குப் பெயர் வழங்கிற்று. அங்கே தொண்டர்கள் நல்ல உணவளித்தனர். பன்றிக் கொழுப்பில் குழைத்த களிம்பு பூசினர். அதற்காக அவர்கள் வளர்த்த பன்றிகள், கழுத்தில் மணி கட்டிய அடையாளத்தோடு, தெருக்களில் தடையின்றித் திரிந்து மேய்ந்தன. ஓவியர்கள் துறவியின் காலடியில் ஒரு பன்றியையும் கையில் ஒரு மணியையும் வரைந்தனர். பன்றியைக் கண்ட குடியானவர்கள் தம் குதிரையையும் மாட்டையும் ஆட்டையும் கூட்டி வந்தனர். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஜனவரி 17ஆம் நாள் கால்நடைகளை மந்திரிக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று; இன்றும் நடைபெறுகிறது.

அந்த நாட்காட்டி நம் நாட்டிற்கு வந்தபோது நேர்ந்த பொருத்தம் வியப்பிற்குரியது. ஜனவரி 17 நமக்குத் தை மாதம் மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள். மாட்டுப் பொங்கலுக்குத் தீட்டிய கொம்பின் வண்ணம் உலர்ந்திராத வேளை. வேறென்ன வேண்டும்! தஞ்சை, திருச்சி, திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவச் சிற்றூர்களில் கோயில் முன்றிலில் பொங்கல் வைத்து, மாடுகளை நிறுத்தித் தீர்த்தம் தெளிக்கும் திருநாளாக அது அமைந்துவிட்டது. தஞ்சையை அடுத்த திருக்கானூர்பட்டியிலும், திண்டுக்கல்லை அடுத்த கொசவபட்டியிலும் அந்தோணியார் விழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. காளையை அவிழ்த்துவிடுவோரும் அணைப்போரும் ஒரே மதத்தினர் அல்லர்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது 'வனத்து' என்னும் அடைமொழியே. அந்தோணியார் வாழ்ந்தது மணலும் பாறையுமான பாலைவனம். நம் முன்னோர் அவரைப் பாலைக்குரியவராக அழைக்கவில்லை. பாலை என்றால் தமிழில் பிரிவும் வழிப்பறியும் அல்லவா நினைவுக்கு வரும்! தவம் செய்பவர் போகுமிடம் வனம். ஆகவே மணலை விட்டுவிட்டுத் தவத்தைப் பெயர்த்தார்கள். எவாக்ரியுஸ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இதே அடைமொழி பெற்ற மற்றொருவர் வனத்துச் சின்னப்பர். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்பது பொருள்; அதை அப்படியே தமிழாக்கிச் சின்னப்பர் என்றனர் பழைய கத்தோலிக்கர். முதல் வனவாசி என்று போற்றப்படும் இவருடைய வரலாற்றை எரோணிமுஸ் எழுதினார். 90 வயது அந்தோணியார் 113 வயதுச் சின்னப்பரைத் தேடிச் செல்கிறார். நாள்தோறும் அரை அப்பம் கொண்டுவரும் காகம் அன்று முழு அப்பம் கொண்டுவருகிறது. சின்னப்பர் மறைந்ததும் இரண்டு சிங்கங்கள் வந்து குழி தோண்டுகின்றன. இப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்று வரலாற்றாசிரியர்களில் ஐயுறுவோர் உண்டு. விருந்தாளி வரும் நாளில் உணவு இரட்டிக்கும் அந்தக் காகத்தை மட்டும் நான் ஐயுற விரும்பவில்லை. வனத்துச் சின்னப்பரின் மரபுவழித் திருநாள் ஜனவரி 15. அதுவும் பொங்கலை ஒட்டியே வருகிறது.

துறவிகளும் வனமும் இணைந்த அந்தச் சொல்வழக்கு இன்னும் வற்றவில்லை. 1950ஆம் ஆண்டில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், மோன்சனேன், லெ சோ என்னும் பிரெஞ்சுத் துறவியர் இருவர் காவியுடுத்து ஓர் ஆசிரமம் அமைத்தனர். அது சாந்திவனம் என்று வழங்குகிறது. நம் பெங்களூரிலேயே, மைசூர்ச் சாலையில் கெங்கேரியைக் கடந்து செல்வோர் ஆசீர்வனம் என்னும் பெயர்ப்பலகையைக் காணலாம். சேலம் பக்கத்துச் சிலுவைகிரியில் தொடங்கி 1950களின் பிற்பகுதியில் இங்கே பெயர்ந்து வந்த பெனடிக்டைன் மடம் அது. பெனடிக்ட் முனிவரையும் பழந்தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று பெயர்த்தே அழைத்தனர். ஆறாம் நூற்றாண்டில் அவர் வகுத்த மடத்து ஒழுங்கு, எகிப்தியத் துறவியரின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. மைசூர்ச் சாலை இன்று வனம் அல்ல என்பதை அவ்வழியே பஸ்ஸில் போவோர் அறிவர். மடம் அங்கே இருக்கிறது.

எதிர்வீட்டு அம்மையாரின் கேள்விக்கு இவ்வளவும் விடையாகுமா என்று சில நாள் தயங்கினேன். பிறகு ஒரு ஞாயிறு மாலை, அவர் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சென்று, மாடு அவருக்கு மிகவும் பிற்பாடு வந்து சேர்ந்த பொறுப்பு என்று சொன்னேன். முதலில் தனிமை, பிறகு வழக்குத் தீர்க்க வந்தவர்கள், பல நூற்றாண்டு கழித்துக் கைகால் கருகிய நோயாளிகள், அவர்களுக்காகப் பன்றி, பன்றிக்குப் பின்னால் குதிரை, எல்லாம் கழிந்து நம்மூர்க் காளை என்று வரிசைப்படுத்தினேன். அவர் தாமே ஒளித்துக்கொண்ட கல்லறையைப் பற்றியும் சொன்னேன். அம்மையார் பிற எதையும் பொருட்படுத்தவில்லை. கல்லறைச் செய்தியை மட்டும் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். "எங்கே புதைத்தது என்றே தெரியாதா?" "அந்த இருவருக்கு மட்டும் தெரியும், அம்மா." சிறிது நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார்: ஊரில் இருந்த கடைசி உழவு மாடுகளைச் சென்ற மாசியில் அவர் மைத்துனர் விற்றுவிட்டாராம், தொழுவத்தை இடித்து அறை கட்டுகிறார்களாம். இனித் தைக்கு ஊருக்குப் போனாலும் மந்திரிப்பதற்கு ஒன்றும் இராது.

1809ஆம் ஆண்டில் இங்கே இராணுவக் குடியிருப்பு அமைந்த காலந்தொட்டு இவ்வூருக்கு வந்த தமிழர்கள் தம் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தனர். செப்டம்பர் 8ஆம் நாள் சிவாஜி நகர் மரியன்னை கோயிலுக்குத் திரளும் கூட்டத்திலும், அல்சூர்ச் சோமேசுவரர் தெருக்களிலும் அதைக் காணலாம். வயலோடும் தொழுவத்தோடும் பிணைந்த வழிபாடுகளைப் பெட்டியிற் கட்டிக் கொண்டுவருவதுதான் கடினம்.

அடுத்த தை பிறந்தது. 17ஆம் நாள் காலை, நான் அலுவலகத்திற்குப் புறப்படும் வேளையில், எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டு, அம்மையாரின் மகன் ஓட்டும் ஆட்டோவைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். கைப்பிடியில் சாமந்திச் சரம். முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். அம்மையார் கோயிலிலிருந்து ஒரு பாட்டிலில் வாங்கிவந்த தீர்த்தத்தை வேப்பிலைக் கொத்தால் வண்டியைச் சுற்றித் தெளித்தார். பேரன், தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினான். தூக்குச் சட்டியில் பொங்கல் எங்கள் வீட்டிற்கு வந்தது. அவ்வாண்டு நான் தேதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.